வட்டார எல்லை நியாயமாகக் கீறப்பட்டதா என்று கணக்கால் கண்டுபிடிக்கலாமா?

பனையடியான் (கொக்குவில்)

வணக்கம். எங்கள் ஒழுங்கையில் வடக்குப் பக்க வீடுகள் ஒரு வட்டாரம், தெற்குப் பக்க வீடுகள் இன்னொரு வட்டாரம். எதிர்வீட்டு மாமியும் நாங்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். உள்ளூராட்சித் தேர்தல் வந்தால் மட்டும் அவவுக்கு ஒரு வேட்பாளர், எங்களுக்கு வேறொருவர். "உது ஆரோ வேணுமெண்டு கீறினது" என்று அப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார். நான் கணினி படிக்கிறவன், அதனால் அதைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது.

அமெரிக்காவில் இதற்கு ஜெரிமாண்டரிங் என்று பெயர். 1812 இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெரி தன் கட்சிக்கு வாய்ப்பாக வெட்டப்பட்ட தொகுதி வரைபடத்தில் கையொப்பம் இட்டார். அதில் ஒரு தொகுதி சலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் இருந்ததாம். ஜெரியும் சலமாண்டரும் சேர்ந்து ஒரு சொல்லாகி இருநூறு வருஷத்துக்கு மேல் நிலைத்துவிட்டது. (அவர் தன் பெயரைக் கெரி என்றுதான் உச்சரித்தாராம். பாவம், அதையும் விடவில்லை.)

வடிவத்தை அளக்க ஒரு சூத்திரம் கிடைத்தது, போல்ஸ்பி–பொப்பர் என்று பெயர். பரப்பளவை 4π ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் பிரிக்க வேண்டும். வட்டத்துக்கு 1 வரும், சதுரத்துக்கு 0.79 அளவில் வரும். நெளிந்து வளைந்து போனால் பூச்சியத்தை நோக்கி இறங்கும். எங்கள் வட்டாரத்துக்குப் போட்டுப் பார்த்தேன், படு மோசம். அப்படியானால் கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று சொல்லலாமா?

தீவான் (புங்குடுதீவு)

தம்பி, அதே சூத்திரத்தை ஊர்காவற்துறைத் தொகுதிக்கும் ஒருக்கால் போட்டுப் பாருங்கள். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று துண்டு துண்டாகக் கிடக்கிற நிலம். சுற்றளவு முழுக்கக் கரை. அதையும் எந்த அளவில் அளப்பீர்கள்? கிலோமீற்றர் அளவில் அளந்தால் ஒரு நீளம், மீற்றர் அளவில் ஒவ்வொரு குடாவும் முனையும் சேர்த்து அளந்தால் அதைவிடப் பெரிய நீளம். சுற்றளவு கூடக்கூட உங்கள் புள்ளி இறங்கும். அந்தக் கணக்கின்படி பார்த்தால் இங்கே கடலைத்தான் கைது செய்ய வேண்டும்.

கணக்கு வாத்தியார் (வடமராட்சி)

தீவான் சொன்னது சரி, ஆனால் கரை இல்லாத இடத்திலும் அந்தச் சூத்திரம் ஏமாறும். தம்பி, நீங்கள் அளந்தது வடிவத்தை. கள்ளம் வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி எடுங்கள்.

25 வீடுள்ள ஓர் ஊர். இரண்டு கட்சிகள், மாம்பழப் பெயரையே வைப்போம். கறுத்தக்கொழும்பான் கட்சிக்கு 9 வீடு, வெள்ளைக்கொழும்பான் கட்சிக்கு 16 வீடு. வீடுகள் இப்படி இருக்கின்றன:

க க வ வ வ
வ க க வ வ
க வ க வ வ
க க வ வ வ
வ வ க வ வ

இந்த ஊரை ஐந்து ஐந்து வீடாக 5 வட்டாரமாக்க வேண்டும். முதலில் நிலைக்குத்தாக வெட்டுங்கள், ஒரு நிரல் ஒரு வட்டாரம். முதல் மூன்று நிரலிலும் 'க' மூன்று, 'வ' இரண்டு. கறுத்தக்கொழும்பானுக்கு 3 ஆசனம், பெரும்பான்மை, சபையே அவர்கள் கையில். மற்றக் கட்சிக்கு 16 வீடு இருந்தும் 2 ஆசனம்தான்.

இப்போது அழித்துவிட்டுக் கிடையாக வெட்டுங்கள். எந்த நிரையிலும் 'க' இரண்டுக்கு மேல் இல்லை. கறுத்தக்கொழும்பானுக்குப் பூச்சியம். வெள்ளைக்கொழும்பானுக்கு ஐந்தும்.

அதே ஊர், அதே வீடு, அதே வாக்கு. வட்டாரம் ஒவ்வொன்றும் 5க்கு 1 நீள்சதுரம். இரண்டு வரைபடத்திலும் உங்கள் சூத்திரம் ஒரே புள்ளிதான் தரும், ஏறத்தாழ 0.44. பல்லியும் இல்லை, பாம்பும் இல்லை. நேர்கோட்டால் வெட்டியே 3 ஆசனத்தைப் பூச்சியமாக்கலாம்.

இதில் இரண்டு கைவேலை இருக்கிறது. ஒன்று அடைப்பது: எதிர்க்கட்சிக்காரர் எல்லோரையும் ஓரிரண்டு வட்டாரத்துக்குள் திணித்துவிட்டால் அங்கே அவர்கள் அமோகமாக வெல்வார்கள், வேறெங்கும் வெல்ல மாட்டார்கள். நிலைக்குத்து வெட்டில் கடைசி இரண்டு நிரலையும் பாருங்கள், முழுக்க 'வ'. மற்றது சிதறடிப்பது: எந்த வட்டாரத்திலும் பெரும்பான்மை வராதபடி துண்டு துண்டாகப் பிரித்து விடுவது. கிடை வெட்டில் கறுத்தக்கொழும்பானுக்கு நடந்தது அதுதான்.

மாம்பழப்பிரியன்

அம்பலவிக்கு ஏன் வாக்குரிமை இல்லை சேர்? இதுவே பெரிய அநியாயம்.

கணக்கு வாத்தியார்

அம்பலவி சுயேச்சையாக நிற்கட்டும். மூன்று கட்சி வந்தால் கணக்கு இன்னும் சிக்கல், பிறகு பார்ப்போம்.

நல்லூர் நிலா

நான் சட்டம் படிக்கிறேன், கணக்கில் அரைகுறை. ஆனால் இந்த விஷயம் நீதிமன்றம் போன கதை தெரியும், அதைச் சொல்கிறேன்.

ஸ்டெபனோபூலோஸ் என்ற சட்டப் பேராசிரியரும் மெகீ என்ற அரசியல் ஆய்வாளரும் சேர்ந்து ஓர் அளவுகோல் கொண்டு வந்தார்கள். வீணான வாக்கை எண்ணுவதுதான் அதன் அடிப்படை. தோற்ற இடத்தில் விழுந்த வாக்கு எல்லாம் வீண். வென்ற இடத்தில் வெல்லத் தேவையானதற்கு மேல் விழுந்ததும் வீண். இரண்டு கட்சிக்கும் வீணானதை எண்ணி, வித்தியாசத்தை மொத்த வாக்கால் பிரிக்க வேண்டும். சேருடைய மாம்பழ ஊரில், நிலைக்குத்து வெட்டில் வெள்ளைக்கொழும்பானுக்கு 10 வாக்கு வீண், மற்றவருக்கு ஒன்றுமே வீணில்லை. 25இல் 10, அதாவது 40 வீதம். கிடை வெட்டில் கறுத்தக்கொழும்பானின் 9 வாக்கும் வீண், மற்றவருக்கு 1 மட்டும். 32 வீதம், எதிர்ப்பக்கமாக. வடிவச் சூத்திரம் கண்டுபிடிக்காததை இது பிடித்துவிட்டது.

விஸ்கான்சின் மாநில வழக்கில் இதைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே 2012 இல் குடியரசுக் கட்சி பாதிக்கும் குறைவான வாக்கை வைத்துக்கொண்டு 99 ஆசனத்தில் 60 எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 இல் நீதிமன்றம், வழக்குப் போட்டவர்களுக்கு வழக்காடும் தகைமை நிரூபிக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பியது. அளவுகோல் சரியா பிழையா என்று தீர்க்கவே இல்லை.

கணக்கு வாத்தியார்

பிள்ளை நன்றாக விளக்கினீர்கள். ஆனால் அந்த அளவுகோலுக்குள் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. 36 வீத வாக்கு எடுத்த கறுத்தக்கொழும்பானுக்கு எத்தனை வீத ஆசனம் கொடுத்தால் வித்தியாசம் பூச்சியமாகும் என்று கேளுங்கள். 50 வீதத்திலிருந்து வாக்கு எவ்வளவு விலகுகிறதோ, ஆசனம் அதைப்போல் இரு மடங்கு விலக வேண்டும் என்பது அந்தச் சூத்திரத்தின் உள்கணக்கு. 14 குறைந்தால் 28 குறையும், ஆகவே 22 வீதம். 36 வீத மக்களுக்கு 22 வீத ஆசனம் என்றால் அதற்கு அது "நியாயம்". விகிதாசார முறையில் பழகிய எங்களுக்கு இது தொண்டைக்குள் இறங்காது. சூத்திரம் நடுநிலையாக இருக்கும் என்று நம்பி யாரும் ஏமாறக்கூடாது.

பனையடியான்

அப்படியானால் எந்த ஒற்றை எண்ணாலும் பிடிக்க முடியாதா? நான் விட்டுவிட்டு வேறு ஆராய்ச்சித் தலைப்பு பார்க்கவா?

கணக்கு வாத்தியார்

விட வேண்டாம். கேள்வியை மாற்றுங்கள். "இந்த வரைபடம் கெட்டதா" என்று கேட்காதீர்கள். "இதே ஊரை, இதே விதிகளுக்கு உட்பட்டு, எந்தக் கட்சியையும் பார்க்காமல் ஆயிரக்கணக்கான விதமாக வெட்டினால், அந்தக் குவியலில் இந்த வரைபடம் எங்கே நிற்கும்" என்று கேளுங்கள். வகுப்பில் ஒரு பெடியன் 95 எடுத்தால் அது நல்ல புள்ளியா என்று மற்றவர்களின் புள்ளியைப் பார்க்காமல் சொல்ல முடியுமா? எல்லோரும் 98 எடுத்த பரீட்சையாகவும் இருக்கலாம்.

மாம்பழ ஊர் சின்னது. 5க்கு 5 கட்டத்தை, ஒன்றோடொன்று தொடுத்திருக்கும் ஐந்து ஐந்து கட்டங்களாக வெட்ட 4,006 வழிகள்தான் உண்டு. ஒரு கணினி எல்லாவற்றையும் எண்ணிவிடும், உங்களுக்கு அது ஒரு மாலை நேர வேலை. ஆனால் 6க்கு 6 கட்டத்தை ஆறாக்க 451,206 வழி. 9க்கு 9 கட்டத்தை ஒன்பதாக்கப் போனால் 706,152,947,468,301. அதாவது 7 கோடி கோடிக்கு மேல். 81 வீட்டுக்கே இந்தப் பாடு. யாழ்ப்பாண மாவட்டத்தில் கிராம அலுவலர் பிரிவுகளே (ஆகச் சிறிய நிர்வாகப் பிரிவு) 435 இருக்கின்றன. எண்ணி முடியாது, மாதிரி எடுக்கத்தான் வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கிராம அலுவலர் பிரிவு ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வையுங்கள். எல்லை தொடும் இரண்டு பிரிவுகளுக்கு இடையே ஒரு கோடு. இப்போது பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள் இரண்டை எடுத்து, நடு எல்லையை அழித்து ஒன்றாக்குங்கள். இது ஒரு பெரிய தோட்டம் என்று நினையுங்கள். கிணற்றிலிருந்து எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் போக வேண்டும், ஆனால் ஒரு பாத்திக்கு ஒரே ஒரு வழியால்தான் தண்ணீர் வர வேண்டும், சுற்றி வரும் வாய்க்கால் இருக்கக்கூடாது. அப்படி ஒரு வாய்க்கால் வலையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுந்தமானமாகப் போடுங்கள். அந்த வலையில் எந்த ஒரு வாய்க்காலை மறித்தாலும் தோட்டம் சரியாக இரண்டு துண்டாகும், இரண்டும் தனித்தனியே முழுமையாகத் தொடுத்திருக்கும். சனத்தொகை இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக வரும் ஒரு வாய்க்காலைத் தேடி மறியுங்கள். புதிய இரண்டு வட்டாரம் தயார். அப்படி வாய்க்கால் இல்லாவிட்டால் வலையை அழித்து வேறு வலை போடுங்கள். பிறகு வேறு இரண்டு வட்டாரம், மறுபடியும் அதே வேலை. ஆயிரம் முறை, இலட்சம் முறை.

மூன் டூச்சின் என்ற கணிதப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த முறையை வளர்த்தார்கள். இப்படி ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எழுந்தமானமாகத் தாவிக்கொண்டு போவதை மார்க்கோவ் சங்கிலி என்போம்.

நல்லூர் நிலா

இதுதான் நீதிமன்றத்தில் எடுபட்டது! வட கரோலைனாவில் 2012 இல் ஜனநாயகக் கட்சிக்கு மாநிலம் முழுக்கப் பாதிக்கு மேல் வாக்கு, ஆனால் 13 ஆசனத்தில் 4 மட்டும். 2016 இல் புது வரைபடத்தில் 3. டியூக் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜொனதன் மேட்டிங்லியின் குழு 24,000க்கும் மேற்பட்ட வரைபடங்களைக் கணினியால் உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மக்கள் உண்மையாகப் போட்ட வாக்கையே எண்ணிப் பார்த்தது. 10க்கு 3 என்ற முடிவு வந்தவை ஒரு வீதத்துக்கும் குறைவு.

பென்சில்வேனியாவிலும் அப்படித்தான். 18 ஆசனத்தில் 13 ஒரு கட்சிக்கே மூன்று தேர்தலாகத் தொடர்ந்து போனது. அங்கே ஏழாம் தொகுதியின் வடிவத்தைப் பார்த்து "கூஃபி டொனால்ட் டக்கை உதைக்கிறது" என்று பகிடி பண்ணினார்கள். ஜோவெய் சென் என்ற ஆய்வாளர் 500 மாதிரி வரைபடம் உண்டாக்கினார், 13 தந்தது ஒன்றுகூட இல்லை. வெஸ்லி பெக்டன் என்ற கணிதவியலாளர் இன்னொரு பக்கத்தால் வந்தார். இருக்கும் வரைபடத்தையே எடுத்து எல்லையைச் சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டே போனால், கட்சிச் சாய்வு உடனே குறைகிறதா என்று பார்த்தார். குறைந்தது. தற்செயலாக வந்த வரைபடம் என்றால் கொஞ்சம் அசைத்தவுடன் அப்படி ஒரே பக்கமாகச் சரியாது. 2018 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தை இரத்துச் செய்தது. புது வரைபடத்தில் அந்த வருஷமே 9க்கு 9.

ஆனால் 2019 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வட கரோலைனா வழக்கில் 5க்கு 4 என்று, கட்சிச் சார்பான எல்லை வெட்டு மத்திய நீதிமன்றங்கள் தீர்க்கும் விஷயம் அல்ல என்று கையை விரித்துவிட்டது. நீதிபதி எலேனா கேகன் எழுதிய மாற்றுத் தீர்ப்பில் அந்தக் கணினி வரைபடக் குவியலை விளக்கியிருப்பார், வாசிக்க வேண்டிய ஒன்று. மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 இல் வென்றார்கள். தேர்தலில் நீதிபதிகள் மாற, 2023 இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே கவிழ்த்தது.

மானிப்பாய் மணி

இவ்வளவும் வாசித்த பிறகு ஒரு கேள்வி. கள்ளனிடமும் கணினி இருக்கிறதுதானே? நீங்கள் இலட்சம் வரைபடம் உண்டாக்கிச் சராசரியைப் பார்ப்பீர்கள். அவன் அதே இலட்சத்தில் தனக்கு மிக நல்லதை எடுப்பான், ஆனால் ஓரத்தில் நிற்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்பான். உங்கள் சோதனைக்கு அகப்படாத அளவு களவு.

கணக்கு வாத்தியார்

உண்மைதான். களவை ஒழிக்காது, களவின் அளவைக் குறைக்கும்.

தடுக்கும் பக்கத்திலும் ஒரு யோசனை உண்டு, சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். கேக்கை ஒருவர் வெட்ட மற்றவர் முதலில் எடுப்பது. பெக்டனும் கூட்டாளிகளும் 2017 இல் இதைத் தொகுதிக்கு மாற்றினார்கள். ஒரு கட்சி முழு வரைபடத்தையும் கீறும். மற்றது அதில் ஒரு தொகுதியை மட்டும் பூட்டும், இனி யாரும் அதைத் தொட முடியாது. பூட்டியவரே மிச்சத்தைத் திருப்பிக் கீறுவார், இப்போது முதலாமவர் ஒன்றைப் பூட்டுவார். இப்படியே முடியும் வரை. நடுவர் தேவையில்லை.

மானிப்பாய் மணி

இரண்டு கட்சிக்குச் சரி. யாழ்ப்பாணத்தில் வாக்குச்சீட்டின் நீளத்தைப் பார்த்திருக்கிறீர்களா சேர்? கேக் முடிந்துவிடும், வரிசை முடியாது.

ரொறன்ரோ வேலன்

எல்லோரும் அமெரிக்காவைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் நாட்டில் 1977 மறந்துவிட்டதா? ஐக்கிய தேசியக் கட்சி 51 வீத வாக்கு, 168 இல் 140 ஆசனம். சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 30 வீத வாக்கு, 8 ஆசனம். 6 வீதம் சொச்சம் எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். இதைவிடப் பெரிய ஜெரிமாண்டரிங் எங்கே இருக்கிறது?

கணக்கு வாத்தியார்

வேலன், அது ஜெரிமாண்டரிங் இல்லை, அதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சுதந்திரக் கட்சியின் வாக்கு நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது, பெரும்பாலான இடத்தில் இரண்டாவது. கூட்டணியின் வாக்கு வடக்குக் கிழக்கில் குவிந்து கிடந்தது. ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் பரவிய சிறுபான்மை அழியும், குவிந்த சிறுபான்மை பிழைக்கும். எல்லையை யார் கீறினாலும் அப்படித்தான்.

மாசசூசெட்ஸையே பாருங்கள், ஜெரியின் சொந்த மாநிலம். குடியரசுக் கட்சிக்கு அங்கே மூன்றில் ஒரு பங்கு வாக்கு விழுகிறது. 9 ஆசனம். ஒன்றுமே கிடைப்பதில்லை. டூச்சினின் குழு ஆராய்ந்தது. சில தேர்தல்களின் வாக்கை வைத்துப் பார்த்தபோது, எவ்வளவு வளைத்து நெளித்து வெட்டினாலும் அவர்களுக்கு ஒரு தொகுதிகூட அமையவே அமையாது என்று வந்தது. அந்தக் கட்சி ஆதரவாளர்கள் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியிருக்கிறார்கள், எந்த மூலையிலும் குவியவில்லை. கறிக்குள் கரைந்த உப்பு மாதிரி. ஆசனம் குறைவு என்பதை மட்டும் பார்த்து "களவு" என்று கத்தியிருந்தால் பிழை விட்டிருப்போம். குவியலோடு ஒப்பிடச் சொன்னதன் காரணம் இதுதான்.

மதுரைக்காரன்

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குறுக்கீடு. இங்கேயும் தொகுதி மறுவரையறை பற்றித்தான் பேச்சு. 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை முடக்கி வைத்திருக்கிறார்கள், அந்த முடக்கத்துக்கு 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை என்று கெடு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த எங்களுக்கு, இப்போதுள்ள 39 இடத்தில் குறைந்துவிடுமோ என்று கவலை. இதுக்கும் இந்தச் சங்கிலிக் கணக்கு உதவுமா?

கணக்கு வாத்தியார்

இல்லை தம்பி. உங்களுடையது எத்தனை துண்டு என்ற பிரச்சினை. நாங்கள் கதைப்பது துண்டுக்குள் கத்தி எந்தப் பக்கம் போகிறது என்பது.

நல்லூர் நிலா

அந்த முதல் பிரச்சினை எங்களுக்கும் உண்டு, அதுவும் கசப்பான விதத்தில். 1946 எல்லை நிர்ணயத்தில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்று விதி. 95 ஆசனம் வந்தது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் 7 ஆசனம் வென்றார்கள். அடுத்த வருஷம் பிரசாவுரிமைச் சட்டம் வந்து அவர்களில் மிகப் பெரும்பாலானோர் குடியுரிமையும் பிறகு வாக்கும் இழந்தார்கள். ஆனால் ஆசனம் சனத்தொகைக்குத்தானே, வாக்காளர் தொகைக்கு அல்லவே? தோட்டத் தொழிலாளரின் தலையை எண்ணி மலைநாட்டுக்குக் கிடைத்த ஆசனங்களுக்குச் சுற்றியிருந்த மற்றவர்கள் மட்டும் வாக்களித்தார்கள். வரைபடத்தில் ஒரு கோடுகூட நகரவில்லை. எந்த வடிவச் சூத்திரமும், எந்த மார்க்கோவ் சங்கிலியும் அதைக் காட்டியிருக்காது.

கடற்கரைப் பள்ளிவாசல்

இவ்வளவு நேரமும் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், நிலா தங்கச்சி எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்த முஸ்லிம் சனம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது எனக்கு 11 வயது. இப்போது புத்தளத்தில் கடை. உம்மா யாழ்ப்பாணத்து வீட்டைத் திருத்திக்கொண்டு அங்கேயே இருக்கிறா, தம்பி பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே. கணக்கு வாத்தியார் ஐயா எங்களை எந்தப் புள்ளியில் வைப்பார்?

குவிந்து இருந்தவர்கள் சிதறிப் போனால் என்ன நடக்கும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். சிதறடிக்கக் கோடு தேவைப்படவில்லை எங்களுக்கு.

கணக்கு வாத்தியார்

தம்பி, இதற்குப் பதில் என்னிடம் இல்லை. 1981 க்குப் பிறகு நாடு முழுவதற்குமான குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. ஓர் ஆள் எந்த இடத்தில் பதியப்பட்டாரோ அந்த இடத்துக்கே எண்ணப்பட்டார். சங்கிலி ஓடத் தொடங்கும்போதே அந்த எண்கள் உள்ளே இருக்கும். எழுந்தமானமாக ஓடும் கணினி நிரல் அதைத் திருத்தாது. வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்திருந்த காணி விடுபட்டுத் திரும்பியவர்களுக்கும் இதே கதைதான்.

மானிப்பாய் மணி

நான் ஒன்று சொல்கிறேன், எல்லோரும் அடிக்க வராதீர்கள். யாழ்ப்பாணத்தில் தொகுதிக் கோடு ஒரு பெரிய விஷயமே இல்லை. பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம். உள்ளே 11 தொகுதி இருக்கிறது, ஆனால் வாக்கு மாவட்டமாகத்தான் எண்ணப்படுகிறது. நல்லூருக்கும் கோப்பாய்க்கும் இடையில் கோடு எங்கே போனாலும் ஆசனம் மாறாது.

2024 ஐப் பாருங்கள். 6 ஆசனம். தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழ 25 வீத வாக்கு எடுத்து 3 ஆசனம். தமிழரசுக் கட்சி 19 வீதம் சொச்சம் எடுத்து 1. தமிழ்க் காங்கிரசுக்கு 1, சுயேச்சைக் குழு ஒன்றுக்கு 1, இரண்டும் 9 வீதத்துக்குக் கொஞ்சம் கீழே. கால் பங்கு வாக்குக்கு அரைப் பங்கு ஆசனம்! யாரும் கோடு கீறவில்லை. முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று, 5 வீதம் எடுக்காத கட்சிகளின் வாக்கு கழிப்பு, பிறகு பெரிய மிச்சம் உள்ளவருக்கு ஆசனம். நாங்கள் பத்துப் பதினைந்து துண்டாக நின்றோம், விதி தன் வேலையைச் செய்தது.

உள்ளூராட்சியிலும் 2018 இலிருந்து கலப்பு முறை: 60 வீதம் வட்டாரத்தால், 40 வீதம் கட்சிப் பட்டியலால். யாழ் மாநகர சபையில் 27 வட்டாரம், பட்டியலோடு 45 பேர். கட்சிக்கு மொத்த வாக்குக்கு எத்தனை ஆசனம் உரியது என்று முதலில் பார்த்து, வட்டாரத்தில் வென்றதைக் கழித்து, மிச்சத்தைப் பட்டியலிலிருந்து நிரப்புகிறார்கள். ஆக வட்டாரத்தை வளைத்து வென்றால் பட்டியலில் குறையும்.

கணக்கு வாத்தியார்

உங்களை அடிக்க வரவில்லை, பெரும்பகுதி சரி. மாம்பழ ஊரில் 5 பட்டியல் ஆசனம் சேர்த்து 10 ஆக்கினால் கறுத்தக்கொழும்பானின் 36 வீதத்துக்கு 10இல் 4 அளவில் உரியது. நிலைக்குத்தாக வெட்டினால் வட்டாரத்தில் 3, பட்டியலில் 1. கிடையாக வெட்டினால் வட்டாரத்தில் 0, பட்டியலில் 4. இரண்டும் 4. கத்தி மழுங்கிவிட்டது. இதைவிட நல்ல தடுப்பு எந்தச் சங்கிலியிலும் இல்லை.

ஆனால் இரண்டு ஓட்டை. ஒரு கட்சி தனக்குரிய மொத்தத்தைவிடக் கூடுதலாக வட்டாரம் வென்றால் அதைத் திருப்பிப் பிடுங்க மாட்டார்கள். இரண்டாவது, பல அங்கத்தவர் வட்டாரம். அங்கே முதலாவதாக வரும் கட்சிக்கே எல்லா இடமும். ஒரு சமூகம் இரண்டாவதாக நிற்கும் இடத்தைப் பக்கத்து வட்டாரத்தோடு ஒட்டி இரட்டை வட்டாரமாக்கினால் என்ன நடக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நல்லூர் நிலா

மூன்றாவது ஓட்டை: எல்லை பிடிக்கவில்லை என்று தேர்தலையே வைக்காமல் விடுவது. 2017 இல் மாகாண சபைக்கும் கலப்பு முறை என்று சட்டம் மாற்றினார்கள். எல்லை நிர்ணயக் குழு அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு: எதிராக 139, ஆதரவாக 0. கொண்டுவந்த அரசாங்கமே ஆதரிக்கவில்லை. எங்கள் வட மாகாண சபைக்குக் கடைசியாக 2013 செப்டம்பரில்தான் வாக்களித்தோம். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

ரொறன்ரோ வேலன்

பூச்சியமா? பிரேரணை கொண்டுவந்தவரும் எதிர்த்தாரா?

நல்லூர் நிலா

ஓம் அண்ணை. அந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்.

பனையடியான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இருந்து 4,006 வெட்டையும் எண்ணும் நிரல் எழுதிவிட்டேன், சேர் சொன்ன எண்ணே வந்தது. அப்பாவிடம் நிலைக்குத்து வெட்டையும் கிடை வெட்டையும் கொப்பியில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப எங்கட ஒழுங்கை?" என்று கேட்டார். தெரியாது என்றேன். வாய்க்கால் முறையை எங்கள் சபைக்கு ஓட்டிப் பார்த்தால்தான் சொல்லலாம். ஒழுங்கை நடுவால் கோடு போவது அந்தக் குவியலில் சர்வசாதாரணமாகவும் இருக்கக்கூடும், அப்போது அப்பாவுக்குத்தான் ஏமாற்றம்.

இப்போது பெரிய வேலை: 435 பிரிவுகளுக்கும் எது எதைத் தொடுகிறது என்ற பட்டியல். தரைக்குச் சிக்கல் இல்லை. நீரில்தான் முழிக்கிறேன். பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுக்கு ஒரு கோடு போடலாம். கிளிநொச்சியையும் சேர்த்தால் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்கு ஒன்று, ஆனால் 2011 க்கு முன் அந்தக் கோடு இல்லை. நெடுந்தீவை எப்படித் தொடுப்பது? தீவான் அண்ணை, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு ஓடுகிறதுதானே, அதை ஒரு கோடாக வைக்கவா?

தீவான்

வையுங்கள், ஆனால் நிரலில் மாதத்தையும் சேருங்கள். வாடைக்காற்று தொடங்கிக் கடல் எழும்பினால் படகு விட மாட்டார்கள். போன மார்கழியில் மூன்று நாள் அந்தக் கோடு இல்லை.